சிராகூசாவில் நான் போட்ட சத்தம்

1

சிராகூசாவுக்குப் போய்வந்த படத்தை நான் குடும்பக் குழுவில் போட்டிருக்கவே கூடாது. போட்ட அரை மணித்தியாலத்துக்குள் சுன்னாகத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பாராட்டு வந்து குவிந்துவிட்டது. "நல்லாத்தான் இருக்கிறியள்." "எங்களையும் ஒருக்கால் கூப்பிடுங்கோவன்." தம்பி முறையான ஒருவன், ஊரில் இரண்டு கடை வைத்திருப்பவன், இப்படி எழுதியிருந்தான்: "அண்ணை, முகத்தை ஏன் உப்பிடி வச்சிருக்கிறியள்? சுற்றுலா போன ஆள் மாதிரி இல்லை."

அந்தப் படத்தில் நான், மனைவி மாலதி, எங்களுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்கல் தேவாலயம். மகள் நிலானி படத்தில் இல்லை. படம் எடுத்தது அவள். எடுத்து இருபது நிமிடத்துக்குள் நான் அவளுடைய வாழ்க்கையில் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டேன். அதுவும் பக்குவமாகச் சொல்லி அல்ல, நடுச் சதுக்கத்தில் நின்று கத்தி.

ஊரில் இருக்கிற உங்களுக்கு வெளிநாடு என்றால் படம்தான். சரி, இந்தப் படத்தின் மிச்சக் கதையையும் வாசியுங்கள். வாசித்துவிட்டு யாரும் எனக்கு ஆறுதல் எழுதவேண்டாம். எனக்கு இப்போது ஆறுதல் பிடிப்பதில்லை.

2

முதலில் இந்த நாட்டின் சட்டத்தைச் சொல்லவேண்டும். சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இத்தாலியில் பிறந்தால் இத்தாலியன் ஆகமுடியாது. எங்களைப் போன்றவர்களுடைய பிள்ளை பலேர்மோ ஆஸ்பத்திரியில் பிறந்து, பலேர்மோப் பள்ளிக்கூடத்தில் படித்து, பலேர்மோக்காரியைப் போலவே கையை ஆட்டிக் கதைத்தாலும், அவள் பையில் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டும் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி அட்டையும்தான். பதினெட்டு வயதானதும் ஒரு கதவு திறக்கும். பத்தொன்பதாவது பிறந்தநாளுக்குள் நகரசபைக்குப் போய், 'நான் இத்தாலியப் பிரஜையாக விரும்புகிறேன்' என்று கையெழுத்துப் போட்டால் போதும். ஒரே ஒரு நிபந்தனை. பிறந்த நாளிலிருந்து அன்றுவரை இடைவெளி இல்லாமல் இந்த நாட்டில் பதிவோடு வாழ்ந்திருக்கவேண்டும்.

நிலானி இந்தக் கையெழுத்துக்காக மூன்று வருடங்களாக நாட்களை எண்ணிக்கொண்டிருந்தவள். போன வருடம் அவளுடைய வகுப்பு முழுவதும் டப்ளின் போனது. மற்றப் பிள்ளைகள் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு விமானம் ஏறினார்கள். இவளுக்கு விசா வேண்டும் என்றார்கள். விசாவுக்குக் கேட்ட கடிதங்கள் எல்லாம் வந்துசேர்வதற்குள் வகுப்பு போய்த் திரும்பியும் வந்துவிட்டது. அந்த ஒரு கிழமையும் அவள் பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். பதினெட்டாவது பிறந்தநாள் வந்ததும் நகரசபையில் செவ்வாய்க்கிழமைக்கு நேரம் எடுத்தாள். கையெழுத்துக்குப் போடவென்று வெள்ளை நிறத்தில் ஒரு கோட்டு வாங்கினாள். கூடப்படிக்கும் இரண்டு பிள்ளைகளையும் வரச் சொல்லியிருந்தாள்.

அதற்கு முந்தின வியாழக்கிழமை, மிச்சப் பத்திரங்களைக் கொடுப்பதற்கு நான் தனியாக நகரசபைக் கருமபீடத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் நல்ல மனுஷி. அதுதான் இன்னும் கோபம். கெட்டவளாக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது வந்திருக்கலாம். அவள் கணினியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு திரும்பவும் கணினியைப் பார்த்தாள்.

"உங்கள் மகள் சின்ன வயதில் இங்கே இருக்கவில்லையா?"

"கொஞ்சக் காலம் இலங்கையில் இருந்தாள்."

"இரண்டு வருடம் நான்கு மாதம் பதிவில் இல்லை. வெளிநாட்டுக்குப் போய்விட்டதாகப் பெயரை வெட்டிவிட்டிருக்கிறார்கள். தகப்பன் வந்து சொன்னதாகக் குறிப்பு இருக்கிறது."

அந்தத் தகப்பன் நான்தான்.

செவ்வாய்க்கிழமை நேரத்தை ரத்துச் செய்யவேண்டும் என்று அவள் மெதுவாகச் சொன்னாள். வேறு வழி இருக்கிறதாம். மற்ற வெளிநாட்டவர் போடுகிற சாதாரண விண்ணப்பத்தை இவளும் போடலாமாம். முடிவு வர எத்தனை வருடமாகும் என்று அவளால் சொல்லமுடியாதாம். நான் 'கிராட்ஸியே' என்று நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நன்றி. இருபத்தைந்து வருடமாக இந்த வாய்க்கு அது பழகிவிட்டது.

நீ குடியுரிமை எடுத்திருந்தால் பிள்ளைக்கும் அப்படியே கிடைத்திருக்குமே என்று உங்களில் விவரம் தெரிந்த ஒருவர் கேட்பீர்கள். கிடைத்திருக்கும். அதற்கு வருமானத்தைக் காட்டவேண்டும். எட்டு மாடிப் படிகளைக் கழுவி, பிறகு ஒரு கிழவரைக் குளிப்பாட்டி, நாளுக்குப் பத்து மணித்தியாலம் வேலை செய்தேன். முதலாளிகள் காகிதத்தில் எழுதியது நாலு மணித்தியாலம். காகிதத்தில் நான் அரை மனிதன். அரை மனிதனுக்குக் குடியுரிமை கொடுக்கமாட்டார்கள்.

வீட்டுக்கு வந்தேன். மகளிடம் சொல்லவில்லை, மாலதியிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் எல்லாருமாகப் பஸ் பிடித்துச் சிராகூசா போவதாக இருந்தது. போய்வந்து சொல்லலாம் என்று நினைத்தேன். இரண்டு நாளாவது அவள் சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்ததாக உங்களிடம் சொல்லலாம். உண்மை அதுவல்ல. எனக்குப் பயம்.

3

பலேர்மோவில் எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். சைவக்காரர்தான், நெற்றியில் திருநீறுதான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமையில் மலையேறிப் போய், பலேர்மோவைக் காக்கிற புனிதர் சாந்தா ரொசாலியாவைக் கும்பிடுவோம். யாரும் எங்களை வா என்று கூப்பிடவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. வேலை கிடைத்தால் மெழுகுதிரி, பெர்மெஸ்ஸோ வந்தால் மெழுகுதிரி, பிள்ளைப்பேறு என்றால் வெறுங்காலோடு ஏற்றம். வருடத்தில் ஒருதரம் இந்தச் சிசிலித் தீவின் மற்றக் கரையில் சிராகூசாவில் இருக்கிற கண்ணீர் மாதாவிடமும் போவோம். இந்தமுறை மாலதிக்கு ஒரு நேர்த்தி இருந்தது. மகளின் காகிதம் சரிவந்ததற்கு நன்றி.

பஸ் விடியற்காலை பிரான்காச்சோவிலிருந்து புறப்பட்டது. ரோல்ஸ், கட்லட், பெரிய பிளாஸ்கில் தேநீர். யோகன் அண்ணை ஒரு பெட்டி நிறைய மந்தரின் தோடம்பழம் கொண்டுவந்திருந்தார். அவர் பலேர்மோவுக்குப் பக்கத்தில் சியாகுல்லித் தோட்டங்களில் பழம் பறிக்கிற வேலை செய்கிறவர். எனக்கு ஐந்து வருடம் முன்பே இங்கே வந்தவர். நான் வந்திறங்கியபோது என்னைத் தன் அறையில் படுக்கவைத்தவரும் அவர்தான். அவருடைய மகன் இப்போது இத்தாலியக் கடவுச்சீட்டோடு ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். பஸ்ஸில் ஒவ்வொரு இருக்கையாகப் பழம் கொடுத்துக்கொண்டே வந்தவர் நிலானியிடம் கேட்டார்.

"செவ்வாக்கிழமை கேக் எத்தினை மணிக்கு பிள்ளை?"

"பதினொரு மணிக்கு கையெழுத்து, மாமா. பிறகுதான் கேக். வெள்ளன வந்திடாதேங்கோ."

பஸ் சிரித்தது. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எட்னா தெரியத் தொடங்கியதும் நிலானி சாரதியிடம் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினாள். உச்சியில் பனி, அதற்கு மேல் புகை. இந்தத் தீவில் இருக்கிறவர்கள் அந்த எரிமலையைப் பற்றி, வீட்டில் கோபக்காரத் தகப்பன் இருப்பதைப் போல, அலட்டிக்கொள்ளாமல் கதைப்பார்கள். இவளும் அப்படித்தான் கதைத்தாள். பாதி தமிழ், பாதி சிசிலிக்காரர் இழுத்துப் பேசுகிற இத்தாலியன். சிராகூசாதான் ஒரு காலத்தில் இந்தத் தீவின் தலைநகரம் என்றாள். கிரேக்கர் கட்டியது, ஏதென்ஸ் நகரத்தின் படையையே தோற்கடித்தது என்றாள். பிறகு அரபியர் வந்து பலேர்மோவைத் தலைநகராக்கியதும் சிராகூசா சின்ன ஊராகப் போய்விட்டது என்றாள்.

"எங்கடை ஊராலைதான் அவைக்கு வேலை போனது," என்றாள். "அதாலை சிராகூசாக்காரர் முறைச்சால் கோவிக்கக்கூடாது."

எங்கடை ஊர் என்று அவள் சொன்னது பலேர்மோவை. எல்லாரும் கைதட்டினார்கள். மாலதி என் தொடையில் தட்டி, "பாருங்கோ, டீச்சர் மாதிரி," என்றாள். எனக்கு எழும்பி அந்த ஒலிவாங்கியைப் பறிக்கவேண்டும் போலிருந்தது.

4

அந்தப் பதிவை நான் ஏன் வெட்டச் சொன்னேன் என்பதையும் சொல்லவேண்டும்.

நிலானிக்கு ஒன்றரை வயது. மாலதிக்கு, சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடுகிற ஒரு எசமானியம்மா வீட்டில் இரவும் பகலும் தங்கி நிற்கிற வேலை. சிஞ்ஞோராவுக்குக் குழந்தைச் சத்தம் ஆகாது. வளர்ப்பு நாய் குரைத்தால் மட்டும் பாதகமில்லை. எனக்கு விடியப் படிகள், பின்னேரம் கிழவர். நகரசபைக் குழந்தைக் காப்பகத்தில் இடமில்லை. ஊரில் யுத்தம் முடிந்து பாதை திறந்த காலம். மாலதியின் அக்கா, "என்னட்டை விடுங்கோ, நான் வளக்கிறன்," என்றா. பலேர்மோவில் அப்போது பாதிப்பேர் அப்படித்தான் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பினார்கள். யோகன் அண்ணையின் மகன் பருத்தித்துறையில் மூன்று வருடம் நின்றான்.

பிள்ளையை அனுப்பிச் சில நாளில் என் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க ஒரு குடும்பச் சான்றிதழ் தேவைப்பட்டது. கதைப்பதற்குத் துணையாக யோகன் அண்ணையைக் கூட்டிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் கேட்டது வழக்கமான கேள்வி. மனைவி, மகள் எல்லாரும் இதே விலாசத்தில்தானே?

யோகன் அண்ணை என் முழங்கையைப் பிடித்து நசித்தார். "ஓம் எண்டு சொல்லு," என்றார் தமிழில்.

நான் சொல்லவில்லை. பிள்ளை இலங்கையில் என்று சொன்னேன். எனக்குத் தெரிந்த கொஞ்ச இத்தாலியனில், யாரும் பிழையாக விளங்கக்கூடாது என்று இரண்டுதரம் சொன்னேன். மகளின் பெயரைப் பதிவிலிருந்து எடுக்க அவர் ஒரு தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் யோகன் அண்ணை தலையில் கை வைத்தார்.

"உனக்கென்ன விசரா? அவன் வீட்டுக்கு வந்து எண்ணப்போறானே?"

எண்ணுவார்கள். அதுதான் எனக்குத் தெரிந்த உலகம். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுப் பட்டியல், படங்களோடு, ஆமிக்காரனிடம் ஒன்று, எங்களிடம் ஒன்று. சுற்றிவளைப்பு என்றால் பட்டியலை வைத்துக்கொண்டு தலைகளை எண்ணுவான். ஒரு தலை கூடினாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம். அண்ணன் கண் வைத்தியத்துக்குக் கொழும்புக்குப் போயிருந்தான், போனதை யாரும் பதியவில்லை. ஒருநாள் எண்ணினார்கள். ஆறு பெயர், ஐந்து தலை. ஆறாவது எங்கே, எந்த இயக்கம் என்று கேட்டு அப்பாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் வைத்திருந்தார்கள். திரும்பிவந்த அப்பாவுக்கு இடது காது அதற்குப் பிறகு கேட்கவில்லை. அவர் எங்களுக்குச் சொன்னது ஒன்றுதான். வீட்டில் எத்தனை தலையோ, அவனுடைய தாளிலும் அத்தனைதான் இருக்கவேண்டும்.

அந்தப் பாடத்தைக் காவிக்கொண்டு நான் இத்தாலிக்கு வந்தேன். ஒருவரும் எண்ணாத நாட்டில், நானாகப் போய் என் பிள்ளையின் தலையை வெட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு அரசாங்கம் அடித்துப் படிப்பித்ததை இன்னொரு அரசாங்கத்துக்கு ஒப்புவித்தேன். பொய் சொன்னவர்களுடைய பிள்ளைகள் எல்லாம் இன்று இத்தாலியர். இதை யாரிடம் போய் முறையிடுவது?

5

கண்ணீர் மாதா கோயில் கொங்கிறீட்டில் கட்டிய பெரிய கூம்பு. உள்ளே மாலதி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு முழங்காலில் இருந்தாள். மெழுகுதிரி ஏற்றினாள், கண்ணை மூடி முணுமுணுத்தாள். நடக்காத காரியத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாதாவில் வந்த கோபம் பாதி, என்னில் வந்த கோபம் பாதி. அங்கேயே குனிந்து அவளின் காதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு பாலத்தைக் கடந்து ஒர்த்தீஜாவுக்குள் போனோம். அதுதான் பழைய நகரம், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற சின்னத் தீவு. கண்கூசுகிற வெள்ளைச் சதுக்கம், நடுவில் தேவாலயம். கிரேக்கர் தங்கள் தெய்வத்துக்குக் கட்டிய கோயில் அது. பிறகு வந்தவர்கள் அதன் தூண்களுக்கு இடையில் சுவர் எழுப்பித் தேவாலயமாக்கிவிட்டார்கள். வெளியே நின்று பார்த்தாலே சுவருக்குள் தூண்கள் புடைத்துக்கொண்டு தெரிகின்றன. வாசலில் நுழைவுச்சீட்டுக் கிழித்தவன் எங்களைக் கண்டதும் ஆங்கிலத்தில் தொடங்கினான். நிலானி பலேர்மோப் பேச்சில் பதில் சொன்னாள். அவன் திகைத்து, பிறகு சிரித்து, எங்கேயிருந்து என்று கேட்டான்.

"பலேர்மோ," என்றாள்.

"அதுக்கு முன்னால்?"

"அதுக்கு முன்னால் ஆஸ்பத்திரி," என்றாள் அவள் இத்தாலியனில். அவன் அடங்கிப்போனான்.

உள்ளே அவள் ஒரு தூணில் கையை வைத்து என்னைக் கூப்பிட்டாள். அவளுடைய இரண்டு கையும் சேர்ந்தாலும் அணைக்கமுடியாத தூண்.

"பாத்தீங்களே அப்பா? ஒண்டையும் இடிக்கேல்லை. தூணை அப்பிடியே விட்டுட்டு இடையிலை சுவர் வச்சிருக்கினம்."

"நல்லூரிலையும் ஒரு தலைநகர் இருந்தது," என்றேன். "அங்கை இடிச்சவங்கள். போர்த்துக்கீசர் கோயில் கல்லையும் கோட்டைக்குக் கொண்டு போனவங்கள் எண்டு சொல்லுறவை. ஒரு வளைவும் ஒரு பழைய வாசலும் மிச்சம்."

"நீங்கள் எல்லாத்துக்கும் கோவிக்கிறீங்கள்," என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். வெளியே கூட்டிக்கொண்டு வந்து, எங்களிருவரையும் நிறுத்தி, நீங்கள் பார்த்த அந்தப் படத்தை எடுத்தாள்.

பிறகு எல்லாரும் நிழல் தேடிப் பிரிந்தார்கள். யோகன் அண்ணை என்னை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"சிவம், அந்தப் பழைய விசயம் ஒண்டும் இடைஞ்சல் பண்ணேல்லையே? அண்டைக்கு நீ பிள்ளையை வெட்டுவிச்சது."

அவர் அக்கறையோடு கேட்டார். இவ்வளவு காலமும் அதை ஞாபகத்தில் வைத்திருந்து, பயந்து, இப்போது கேட்டார். எனக்கு அது விளங்கியது. விளங்கியும், மூன்று நாளாக அடக்கிவைத்ததெல்லாம் அந்த மனுசன் தலையில் போய்க் கொட்டியது.

"பண்ணிப்போட்டுது," என்று கத்தினேன். "பேரை வெட்டி விட்டாச்சு. செவ்வாக்கிழமை ஒண்டுமில்லை. கையெழுத்துமில்லை, கேக்குமில்லை. நீங்கள் பொய் சொன்னனீங்கள், உங்கடை மகன் இத்தாலியன். நான் உண்மை சொன்னனான், என்ரை பிள்ளை வெளிநாட்டுக்காரி. காணுமே? இப்ப உங்களுக்குச் சந்தோசமே?"

யோகன் அண்ணை என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பினேன். எல்லாரையும் குழுப்படத்துக்குக் கூப்பிட வந்த நிலானி அங்கே நின்றாள். மாலதி அவளுக்கு இரண்டடி பின்னால்.

அவள் முதலில் இத்தாலியனில் ஏதோ கேட்டாள். வேகமாகக் கேட்டாள், எனக்குப் பிடிபடவில்லை. ஆத்திரம் வந்தால் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு பாஷை. அவள் மூச்சு எடுத்துவிட்டுத் தமிழில் கேட்டாள்.

"நான் எவ்வளவு காலம் அங்கை நிண்டனான்?"

"ரண்டு வருசம் நாலு மாசம்."

"எனக்கு ஒரு கபில நிற நாய் மட்டும்தான் ஞாபகம் இருக்கு." யோகன் அண்ணையின் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, "யோகன் மாமான்ரை மகனும் நிண்டவன்தானே?"

"ஓம்."

"அவனுக்குக் கிடைச்சுது."

"ஓம்."

"அப்ப பொய் சொன்னாத்தான் கிடைக்கும்."

அப்பாவின் காதைப் பற்றிச் சொல்ல வாய் எடுத்தேன், விட்டுவிட்டேன். பொய் சொல்லாதே என்று அவளுக்குச் சின்ன வயதில் அடித்திருக்கிறேன்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"வியாழக்கிழமை."

"வியாழக்கிழமை," என்றாள் மாலதி.

அதற்குள் எங்கள் ஆட்கள் படிக்கட்டில் வரிசையாக நின்று நிலானியைக் கூப்பிட்டார்கள். சத்தம் கேட்டவர்கள் ஒன்றும் கேட்காத மாதிரி நின்றார்கள். கேட்காதவர்கள் தூண்களின் கதையைச் சொல்லச் சொன்னார்கள். அவள் போனாள். போய்ப் படியில் ஏறி நின்று, குரலில் ஒரு நடுக்கமில்லாமல், கிரேக்கர், தூண், சுவர் எல்லாம் முதலிலிருந்து சொன்னாள். ஒருவர் கேட்ட கேள்விக்குச் சிரித்துக்கூடப் பதில் சொன்னாள். அவள் அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன். என் மேல் பாய்ந்திருந்தாலும் தாங்கியிருப்பேன். இப்படி நின்று வேலையை முடிக்க யார் இவளுக்குப் பழக்கினார்கள் என்று யோசித்தேன். சிஞ்ஞோராவின் வீட்டில் அவமானப்பட்டுவிட்டுத் தொடர்ந்து கோப்பை கழுவுகிற தாயிடமும், 'கிராட்ஸியே' சொல்லிவிட்டு வெளியே வருகிற தகப்பனிடமும்தான் பழகியிருப்பாள்.

6

திரும்பிவரும் பஸ்ஸில் மகளும் தாயும் ஒரு இருக்கையில் இருந்தார்கள். யோகன் அண்ணை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்டேன். "விடு," என்றார்.

வீட்டில் மாலதி இரண்டு கிழமையாக என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள். கையெழுத்துப் போட்டதற்காக அல்ல. அன்று தானும் என் பக்கத்தில் இருந்திருந்தால் அதையே சொல்லியிருப்பேன் என்றாள், அவளும் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள்தானே. நன்றி சொல்லி மெழுகுதிரி ஏற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அதில் அவள் பக்கம்தான் நியாயம்.

நிலானி விண்ணப்பம் போடமாட்டேன் என்றாள். "நான் பிறந்த இடத்திலை இருக்கிறதுக்கு நான் ஏன் கெஞ்சவேணும்?" என்றாள். சரியான கேள்வி. பதில் இருக்கிறவர்கள் எழுதி அனுப்புங்கள். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்துகிற உரிமை எனக்குப் போய்விட்டது. மாலதிதான் ஒவ்வொரு நாளும் கோப்பையை வைத்துவிட்டு, "போட்டு வை பிள்ளை," என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். போன சனிக்கிழமை மத்தியானம் நிலானி கணினியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். எனக்கும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.

விண்ணப்பம் முழுவதும் கணினியில்தான். பெயர், பால், பிறந்த திகதி. பிறந்த இடம் பலேர்மோ. அவள் தட்டிக்கொண்டே போனாள், நான் கேட்ட பத்திரங்களை எடுத்துக் கொடுத்தேன். ஒரு இடத்தில் நின்றாள்.

"அப்பா, நான் இத்தாலிக்கு எப்ப வந்தனான்?"

"என்ன கேள்வி இது? நீ இஞ்சைதானே பிறந்தனி."

"பிறந்த திகதி மேலை போட்டிட்டன். இது வேறை பெட்டி. நாட்டுக்குள்ளை வந்த திகதி. வெறுமையா விட்டா அடுத்த பக்கம் போகுதில்லை."

திரையைத் திருப்பிக் காட்டினாள். உண்மைதான். ஒரு வெற்றுப் பெட்டி, பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. பிறந்த திகதியையே போடு என்றேன். போட்டுப் பார்த்தாள். பதிவில் இருக்கிற இடைவெளியைப் பிறகு கேட்பார்கள், அப்போது இன்னும் சிக்கல் என்றாள். அவள் இதையெல்லாம் முதலே வாசித்து வைத்திருந்தாள்.

அவள் ஊரிலிருந்து திரும்பிவந்த திகதி எனக்குத் தெரியும். அன்று விமான நிலையத்தில் ஊரிலிருந்து வந்த ஒரு தெரிந்த குடும்பம் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது. மாலதி ஓடிப்போய்க் கையை நீட்டினாள். பிள்ளை தன்னைத் தூக்கிவந்த பெண்ணின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, எங்களைப் பார்க்கமாட்டேன் என்று முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். அம்மாவிடம் போகவேண்டும் என்று அழுதது. அம்மா என்று அது சொன்னது பெரியம்மாவை. என் கையிலிருந்து இறங்கி, அறையறையாகப் போய்த் தேடியது.

அந்த மேசையைக் கணினியோடு தூக்கிச் சுவரில் அடிக்கவேண்டும் போலிருந்தது. அவள் விசைப்பலகையில் விரல்களை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

நாளைச் சொன்னேன். மாதத்தைச் சொன்னேன். வருடத்தைச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள்.